நாலு சென்ரிமீற்றர் காற்று

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் எனக்குக் காற்றோடுதான் வேலை. சீமெந்துத் தூளைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போவது காற்று. அந்தக் காற்றைத் தள்ளுவது ஊதி. ஊதியின் பேரிங் தேயத் தொடங்கினால் மானி காட்டுவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். 1990இல் போர் அந்த ஆலையை மூடும்வரை 11 வருடம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தேன். பிறகு சிட்னி. 2017இல், 62 வயதில், ஒரு ஊதியைக் கொண்டுவந்து என் மூக்கிலேயே கட்டிவிட்டார்கள்.

குறட்டைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். மனைவி சொன்னது வேறு. "இஞ்சாருங்கோ, குறட்டை விட்டா விடுங்கோ, எனக்குப் பழகிப் போச்சு. குறட்டை நிக்கேக்கைதான் நெஞ்சு பக்கெண்டுது." நித்திரையில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, பாதை திறக்கிறது. கண் அயர்ந்ததும் மறுபடி அடைக்கிறது. ஒரு இரவு தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டிப் படுக்கவைத்து எண்ணினார்கள். மணிக்கு 41 தடவை. காலையில் கதிரையில் இருந்தபடியே நான் தூங்கி வழிந்ததற்குச் சோம்பல் காரணமில்லை என்று அன்றைக்குத்தான் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள்.

இயந்திரம் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். அதன் சின்னத் திரையில் எனக்கென்று ஒரு பக்கம் உண்டு. 'சௌகரியம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று நாலு விஷயங்களை நான் கூட்டிக் குறைக்கலாம். இன்னொரு பக்கம் கிளினிக்காரருக்கு. அதைத் திறக்கும் வழியை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆலையில் எனக்குப் பூட்டிவைத்த வால்வு ஒன்றுகூட இருந்ததில்லை. என் மூக்குக்குள் போகும் காற்றில் எது என் பங்கு, எது டொக்டரின் பங்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேலை? தேடினால் கதை தொடங்குவது இதே சிட்னியில், கம்பர்டவுன் மிசெண்டன் வீதியில், நான் நூறு தடவை பஸ்ஸில் கடந்துபோன றோயல் பிறின்ஸ் அல்பிரட் ஆஸ்பத்திரியில்.

அதற்கு முன் நிலைமை என்ன என்று தெரிந்தால்தான் அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததன் பெறுமதி விளங்கும். நித்திரையில் மூச்சு அடைபடுவதை 1965இல் பிரான்ஸின் மார்செய் நகரில் ஒரு குழுவும் ஜெர்மனியின் பிறைபேர்க் நகரில் இன்னொரு குழுவும் தனித்தனியே விவரித்தன. 1969இல் ஜெர்மனியில் வைத்தியமும் வந்தது: கழுத்தில் துளை. அடைபடும் இடத்துக்குக் கீழே, நேரே மூச்சுக்குழாயில் ஒரு வாசல். பகலில் அடைத்து வைத்துக் கதைக்கலாம், இரவில் திறந்து மூச்சு விடலாம். அது முழுமையாகவே வேலைசெய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துளையோடு கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு எழும்ப முடியாது. கேணிக்குப் பக்கத்தில் 11 வருடம் வேலை செய்தவனுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

கொலின் சலிவன் சிட்னி டொக்டர். எழுபதுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோவில் எலியட் பிலிப்சனின் ஆய்வகத்தில் நாய்கள் நித்திரையில் எப்படி மூச்சு விடுகின்றன என்று படித்தவர். நாயின் முகத்துக்குப் பொருந்தும் மூடி செய்து பழகிய கை. 1980 ஜூனில் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். கழுத்தில் துளை போடவேண்டிய அளவுக்கு நோய். துளைக்கு ஆள் சம்மதிக்கவில்லை. ஆனால் புதிதாக எதையாவது செய்து பார்ப்பதென்றால் ஒரு இரவு படுக்கத் தயார். வக்கூம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சும் பக்கம் விட்டு ஊதும் பக்கம் பூட்டி, குழாய் வழியாக மூக்குக்குக் காற்றைக் கொடுத்தார் சலிவன். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அடைப்பு மறைந்தது. குறைத்தால் திரும்ப வந்தது. கூட்டினால் போனது. சுவிட்சைப் போட்டு நிறுத்துவது போல ஒரு நோயை நிறுத்தித் தொடக்கி விளையாட முடிந்தது. அந்த மனிதர் நெடுநாளைக்குப் பிறகு விடியும்வரை தூங்கினார். 1981 ஏப்ரலில் 'லான்செற்' இதழில் கட்டுரை வந்தபோது கணக்கு ஐந்து நோயாளிகள். கொடுத்த அழுத்தம் 4.5 முதல் 10 வரை.

இந்த 4.5, 10 என்பவை சென்ரிமீற்றர் நீர். ஒரு தம்ளர் தண்ணீருக்குள் குளிர்பானக் குழலை 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். அந்த எதிர்ப்புத்தான் 4. இன்னும் இறக்கி 10 சென்ரிமீற்றரில் ஊதினால் 10. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலம் இதே கணக்கில் 1,000 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அதில் நூறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்தால் போதும், தொண்டை மூடாமல் நிற்கும். இன்றைய வீட்டு இயந்திரங்கள் 4 முதல் 20 வரை போகும். ஆலை ஊதியோடு பழகிய எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூக்கில் மாட்டிய பிறகு சிரிப்பு வரவில்லை.

வக்கூம் கிளீனர் சலிவனுக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 1936இலேயே லண்டனில் பூல்ற்றன் என்ற டொக்டர், இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கட்டியவர்களுக்கு வக்கூம் கிளீனர் காற்றை முகமூடி வழியாகக் கொடுத்தார். 1971இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரி, குறைமாதக் குழந்தைகளின் சுருங்கும் நுரையீரலை இடைவிடாத அழுத்தத்தால் விரித்து வைத்தார். காற்றால் முட்டுக்கொடுப்பது பழைய வித்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இறக்கி ஒரு மனிதன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயுள் முழுக்க ஒவ்வொரு இரவும் மாட்டவேண்டும் என்றதுதான் புதிது. சௌகரியம் என்ற பேச்சுப் பிறந்ததும் அந்த இடத்தில்தான்.

முதல் ஆட்களின் இரவை நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொருவர் மூக்கையும் அச்செடுத்து, அந்த அச்சில் கண்ணாடியிழையால் மூடி வார்த்தார்கள். அதை முகத்தில் நிறுத்தியது பட்டியல்ல, சிலிக்கன் பசை. ஒவ்வொரு இரவும் குழைத்து ஒட்டி, ஒவ்வொரு காலையும் உரித்தெடுக்க வேண்டும். பக்கத்தில் அந்த மோட்டார் ஊளையிடும். சாய்வாக ஏற்றுவது, மூச்சு விடும்போது தணிப்பது, ஈரம் சேர்ப்பது ஒன்றும் கிடையாது. சுவிட்சைப் போட்டால் முழுக்காற்று. அப்படியிருந்தும் 1985 அளவில் நூறு பேர்வரை வீட்டில் இதைப் பாவித்தார்கள். கழுத்துத் துளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பசை சொர்க்கம். இன்றைக்கு என்னைப்போல ஒருவன் பட்டி காதில் உரசுகிறது என்று முறைப்பாடு சொன்னால் அந்த நூறு பேரும் சிரிப்பார்கள்.

வியாபாரம் பிறகு வந்தது. அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க் பக்கத்திலிருந்து றெஸ்பிறோனிக்ஸ் நிறுவனம் 1985இல் கடையில் வாங்கக்கூடிய இயந்திரம் கொண்டுவந்தது. சிட்னியில் பீற்றர் ஃபரல் 1989இல் சலிவனின் கண்டுபிடிப்பை எடுத்து றெஸ்கெயார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய றெஸ்மெட். 1991இல் அவர்கள் கொண்டுவந்த குமிழி மாஸ்க், என் கண்ணுக்கு, இந்தச் சரித்திரத்தின் மிகக் கெட்டித்தனமான பொருள். மெல்லிய சிலிக்கன் உதடு ஒன்று, உள்ளே வரும் காற்றாலேயே உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்த அழுத்தம் கசிவை உண்டாக்குகிறதோ அதே அழுத்தத்தைக் கொண்டே கசிவை அடைக்கும் வேலை. ஆலையில் குழாய்மூட்டுக்கு றப்பர் வளையம் போட்டு இறுக்கி இறுக்கியே நாளைக் கழித்தவன் நான். படம் பார்த்ததும் விளங்கிவிட்டது. பட்டியை இறுக்கினால் அந்த உதடு நசிந்து கசிவு கூடும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை அது. நானும் செய்தேன், மூக்குத்தண்டில் புண் வரும்வரை.

1993இல் இரண்டு விஷயம் நடந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளுக்குத் தெரியாமல் இயந்திரத்துக்குள் ஒரு கணக்கெடுக்கும் சில்லை ஒளித்துவைத்தார்கள். எத்தனை மணி நேரம் உண்மையில் அழுத்தத்தோடு மூச்சு விட்டார்கள் என்று அது எண்ணியது. ஒழுங்காகப் பாவிப்பதென்றால் என்ன என்பதற்கு அவர்கள் வைத்த அளவு, நூற்றுக்கு 70 நாட்களில் 4 மணி நேரமாவது மாட்டியிருப்பது. 35 பேரில் தேறியவர்கள் 16 பேர். கேட்டபோது கூட்டித்தான் சொல்லியிருந்தார்கள். அந்த 4 மணிக் கணக்கு பிறகு அமெரிக்க அரச காப்புறுதியின் சட்டமாகவே போய்விட்டது. என் இயந்திரமும் ஒவ்வொரு காலையும் நான் என்ன செய்தேன் என்று சிம் வழியாகக் கோள் சொல்கிறது. மனைவிக்கு அதில் மகா திருப்தி.

அந்த ஒளித்துவைத்த கணக்குத்தான் சௌகரியத்துக்குக் கதவு திறந்தது என்பது என் எண்ணம். அதுவரை மாஸ்கைக் கழற்றி எறிபவர் பொறுமையில்லாதவர். கணக்கு வந்த பிறகு, பாதிக்கு மேற்பட்டோர் கழற்றுகிறார்கள் என்றால் பிழை இயந்திரத்திலும் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. 

அதே 1993இல் வந்த இரண்டாவது விஷயம், தானே அழுத்தத்தைத் தீர்மானிக்கும் இயந்திரம் சாத்தியம் என்று சிட்னியிலிருந்து மைக்கல் பேர்தன்-ஜோன்ஸ் எழுதிய கட்டுரை. 1981 'லான்செற்' கட்டுரையில் சலிவனோடு கையெழுத்திட்டவர்களில் இவரும் ஒருவர். மூச்சை இழுக்கும்போது காற்றோட்டத்தின் வரைபு மலைபோல உருண்டிருக்க வேண்டும். தொண்டை குறுகத் தொடங்கினால் உச்சி தட்டையாகும். அடைப்பு வரும்முன்னே அந்தத் தட்டையைக் கண்டு அழுத்தத்தைக் கூட்டு, உருண்டால் மெல்லக் குறை. பேரிங் உடையமுன் சத்தத்தில் பிடிப்பதுதான் இதுவும்.

என் சௌகரியப் பக்கத்தின் முதல் வரி சாய்வு. படுத்தவுடன் முழு அழுத்தமும் முகத்தில் அடிக்காமல், குறைவாகத் தொடங்கி 5 முதல் 45 நிமிடத்துக்குள் படிப்படியாக ஏறும். விழித்திருப்பவனுக்குத் தொண்டை அடைக்காது, பிறகு ஏன் அவனை வதைக்கவேண்டும் என்ற நியாயமான யோசனை, தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டது. எனக்குக் கொடுத்த இயந்திரத்தில் அது 4இல் தொடங்கி 20 நிமிடம். மிருதுவாக இருக்கும் என்று நினைத்தீர்களா? முதல் இரண்டு மாதம் படுத்த ஐந்தாவது நிமிடம் தலையணை உறைக்குள் தலையை மாட்டிக்கொண்டவன் மாதிரித் திணறினேன். காற்றுப் போதாது. பெரிய உடம்புக்காரருக்கு 4 என்பது குளிர்பானக் குழலால் மூச்சிழுப்பது போல. விட்ட மூச்சுக்கூட மாஸ்கின் துளைகளால் சரியாக வெளியேறவில்லை என்ற நினைப்பு. அழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் இந்தப் பாடு என்று நம்பி, சாய்வை 20லிருந்து 45க்கு நீட்டினேன். வேதனையையும் அந்தளவு நீட்டினேன்.

அடுத்த வரி மூச்சுத் தணிவு. குழாயில் எதிர்க்காற்று வந்துகொண்டிருக்க அதற்கு எதிராக மூச்சு விடுவதுதான் இந்த வைத்தியத்தின் மூலக் குறை. 1990இல் பிற்ஸ்பேர்க்கில் மார்க் சாண்டர்ஸும் நான்சி கேர்னும் இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது அதிலும் குறைந்த அழுத்தம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த இரட்டை அழுத்த இயந்திரம் விலை கூடியது, இரண்டு எண்ணும் டொக்டரின் கையில். இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் அதன் சின்னத் தம்பி சாதாரண இயந்திரத்துக்குள் வந்தது. றெஸ்பிறோனிக்ஸ் முறையில் மூச்சு விடத் தொடங்கும்போது காற்றுத் தளர்ந்து, முடியமுன் பழைய நிலைக்குத் திரும்பும். சிட்னி முறையில் மூச்சு விடும் நேரம் முழுக்க 1, 2 அல்லது 3 சென்ரிமீற்றர் இறங்கி நிற்கும். நான் 3இல் வைத்திருந்தேன். ஒரு இரவு கையேட்டைத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: எந்தத் தணிவும் 4க்குக் கீழே இறங்காது. என் சாய்வு தொடங்குவதே 4இல். ஆக நான் திணறிய அந்த நிமிடங்களில் 3 என்ற எண் திரையில் அழகுக்கு நின்றது.

கிளினிக்கில் இருந்த சின்னப் பெண்ணிடம் போய் இதைச் சொன்னேன். அவள் எனக்குப் பூட்டிய பக்கத்தைத் திறந்து தொடக்க அழுத்தத்தை 4லிருந்து 7 ஆக்கினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்றாள். எதைக் கேட்பது என்று தெரிய இரண்டு மாதம் பிடித்தது, பிள்ளை. பூட்டிய பக்கத்துக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. மூச்சுத் தணிவைக் கூட்டினால் தொண்டையைத் தாங்கும் முட்டும் தளர்கிறது. சிலருக்கு அடைப்புத் திரும்பி வரும், பிறகு அடிப்படை அழுத்தத்தை ஏற்ற வேண்டும். என்னைப்போல மெக்கானிக் மூளைக்காரர் இரவிரவாகத் திருகிக்கொண்டிருந்தால் டொக்டருக்குத் தலையிடிதான்.

ஈரத்தின் கதை நியூசிலாந்தில் தொடங்குகிறது. ஒக்லாந்து ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தில் கிடப்பவர்களின் காற்றை ஈரமாக்க, 1969 அளவில் ஒரு கருவி செய்து பார்த்தார்கள். பாத்திரமாக எடுத்தது வீட்டில் பழம் பதப்படுத்தும் கண்ணாடிப் போத்தல். அதிலிருந்துதான் குளிர்சாதனப் பெட்டி செய்துகொண்டிருந்த ஃபிஷர் அன்ட் பைக்கல் நிறுவனத்துக்கு வைத்தியக் கிளை முளைத்தது. எங்களைப்போன்றவர்களின் மூக்கு ஏன் அடைக்கிறது என்பதை 1996இல் சலிவனின் குழு காட்டியது. நித்திரையில் வாய் திறந்தால் காற்று மூக்கால் நுழைந்து வாயால் ஓடிவிடும். மூக்கு உலர்கிறது, வீங்குகிறது, எதிர்ப்புப் பல மடங்காகிறது. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கினால் அது பெருமளவு அடங்கும். தண்ணீர்த் தொட்டி வந்ததும் அதன் கூடவே புதுத் தொல்லை: சிட்னி ஜூலைக் குளிரில் சூடான ஈரக்காற்றுக் குளிர்ந்த குழாய்க்குள் நீராகி, நடுச்சாமத்தில் மூக்கில் தெறிக்கும். அதற்கு மருந்தாகச் சுருள் கம்பியோடு சூடாகும் குழாய். ஒரு முறைப்பாட்டுக்குப் பதில் அடுத்த முறைப்பாட்டைப் பெற்றுவிடுகிறது.

சத்தத்தை அடக்கப்போய் வந்த வினைதான் பெரிது. படுக்கையறையில் இயந்திரம் இருப்பதே தெரியக்கூடாது என்று எல்லா நிறுவனமும் போட்டிபோட்டன. றெஸ்பிறோனிக்ஸை வாங்கியிருந்த பிலிப்ஸ், ஒலியை உறிஞ்ச ஒருவகைப் பொலியூறிதேன் ஸ்பொஞ்சைக் காற்றுப் பாதைக்குள் வைத்தது. அது நாளடைவில் உதிரும், துகள் மூச்சோடு உள்ளே போகலாம் என்று 2021 ஜூனில் உலகம் முழுக்கப் பல மில்லியன் இயந்திரங்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. 2024இல் அமெரிக்காவில் புதிய நித்திரை இயந்திரங்கள் விற்பதையே நிறுத்திக்கொள்ள அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. என் ஊதியில் இரைச்சல் கேட்டால் ஆறுதல் எனக்கு. இரைச்சல் உள்ள ஊதி ஒளிக்காது.

இத்தனை சௌகரியமும் ஆட்களை அதிக நேரம் மாட்டவைத்ததா? 2005இல் மூச்சுத் தணிவு பற்றி வந்த முதல் ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்தது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த பிந்திய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. தானியங்கி அழுத்தத்துக்கு 2019இல் கொக்ரேன் தொகுப்புக் கண்ட இலாபம், ஓர் இரவுக்கு ஏறத்தாழ 13 நிமிடம். சராசரி அப்படித்தான் சொல்லும். 4ஐ 7 ஆக்கிய அன்றிரவு நான் 6 மணி நேரம் கழற்றாமல் படுத்தேன். சராசரிக்குள் என் மூக்கும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் மூக்கும் இருக்கிறது.

2023 தை மாதம் கொக்குவிலில் அக்கா வீட்டுக்கு இயந்திரத்தையும் காவிக்கொண்டு போனேன். அக்கா குழாயைத் தூக்கிப் பார்த்து, "என்ன தம்பி உது, ஆனைத் தும்பிக்கையோ?" என்றா. பேரப்பிள்ளைக்கு நான் விமானம் ஓட்டுபவன். யாழ்ப்பாணத்துக் காற்றிலேயே போதிய ஈரம். தொட்டியில் தண்ணீர் விடாமல், குழாய்ச் சூட்டையும் நிறுத்திவிட்டுப் படுத்தேன். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிபோலக் கரண்ட் போயிருக்கிறது. நான் அறியவேயில்லை; அரை நித்திரையில் மாஸ்கைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும்.

காலையில் தேத்தண்ணியைத் தந்துவிட்டு அக்கா சொன்னா: "ராத்திரி கரண்ட் நிண்டது எனக்கு ஃபானால தெரியேல்லைத் தம்பி. நீ குறட்டை விடத் தொடங்கினாய், அதாலதான் தெரிஞ்சுது."